உங்கள் வீட்டுக் கோலத்தையே பிரஷ் ஆக்கலாம்!

அக்காவின் கிரகப்பிரவேச அழைப்பிதழை நானே கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தருவதாக ஒப்புக் கொண்டேன். நான்கு மூலைகளிலும் அம்மா போடும் சிக்குக் கோலம் இடம் பெற வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அம்மா பேப்பரில் வரைந்து கொடுத்தார். அதை ஸ்கேன் செய்து, பிரஷ்ஷாக மாற்றி, நான்கு மூலைகளிலும் நான்கு கிளிக்குகள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மானிட்டரில் பார்க்க அழகாகவே இருந்தது. அச்சாகி வந்த 200 அழைப்பிதழ்களிலும் எழுத்துக்கள் பளிச்சென்று இருக்க, கோலம் மட்டும் மழையில் நனைந்தது போல மங்கிக் கிடந்தது. அம்மா கேட்ட ஒரே கேள்வி: "என் கோலம் ஏன்டா இப்படிக் கலங்கிப் போச்சு?"

அச்சகத்தில் தவறு இல்லை. தவறு என்னுடையது. பிரஷ் என்றால் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, கோலத்தை 100 பிக்ஸலுக்குச் சுருக்கி பிரஷ் தயாரித்திருந்தேன். பிறகு அதையே ஆறு மடங்கு பெரிதாக்கிப் பயன்படுத்தினேன். பிரஷ் என்பது உண்மையில் என்ன என்று புரிந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. அதைப் புரிந்து கொண்டு, சொந்தமாக பிரஷ் தயாரிப்பது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

இதற்கு நாம் எடுத்துக் கொள்ளும் சாப்ட்வேர் கிம்ப். அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995ல் தொடங்கிய சாப்ட்வேர் இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். இலவசம். இதன் 2.10 பதிப்பு 2018லும் 3.0 பதிப்பு 2025லும் வெளிவந்தன. போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள் கட்டுரையின் இறுதியில் உள்ளன.

பிரஷ் என்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப்

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷை மறந்து விடுங்கள். கம்ப்யூட்டர் பிரஷ்ஷுக்கு நெருங்கிய உறவு ரப்பர் ஸ்டாம்ப்தான். பிரஷ் என்பது ஒரு சிறிய படம். நீங்கள் மவுஸை ஒரு முறை கிளிக் செய்தால் அந்தப் படம் ஒரு முறை குத்தப்படும். மவுஸை அழுத்தியபடி இழுத்தால், குறிப்பிட்ட இடைவெளியில் அதே படம் மீண்டும் மீண்டும் குத்தப்படும். வட்டமான பிரஷ்ஷில் இழுக்கும்போது தொடர்ச்சியான கோடு தெரிவதற்குக் காரணம், வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மிக நெருக்கமாக விழுவதுதான்.

இந்த இடைவெளிக்கு ஸ்பேசிங் என்று பெயர். இது பிரஷ் அளவின் சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. 600 பிக்ஸல் அகலமுள்ள கோல பிரஷ்ஷுக்கு ஸ்பேசிங் 10 என்று இருந்தால், 60 பிக்ஸலுக்கு ஒரு கோலம் விழும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கோலம் போய் வெறும் கரும்பட்டைதான் மிஞ்சும். ஸ்பேசிங் 100 என்றால் கோலங்கள் ஒன்றை ஒன்று தொட்டபடி வரிசையாக நிற்கும். 120 என்றால் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு நிற்கும். ஓட்டை போட்ட கோலக் குழலில் மாவை நிரப்பி உருட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அதே டிசைன் விழுகிறதல்லவா? அதே கதைதான் இங்கும்.

ஸ்டாம்ப்புக்கு நிறம் கிடையாது, மைக்குத்தான் நிறம். சாதாரண பிரஷ்ஷும் அப்படித்தான். படத்தில் கருப்பாக உள்ள இடத்தில் பெயிண்ட் முழுமையாக விழும். வெள்ளையாக உள்ள இடத்தில் விழவே விழாது. சாம்பல் நிறமாக உள்ள இடத்தில் அதன் அழுத்தத்திற்கு ஏற்ப மெலிதாக விழும். எந்த நிறத்தில் விழும் என்பதை டூல் பாக்ஸில் உள்ள போர்கிரவுண்ட் கலர் முடிவு செய்யும். இந்த மூன்று வரிகள் மனதில் பதிந்து விட்டால், பிரஷ் தயாரிப்பதில் பாதி வேலை முடிந்தது.

முதலில் அளவைக் கணக்கிடுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்ஸல்கள் தேவை என்பது பொதுவான கணக்கு. அழைப்பிதழில் கோலம் 2 அங்குல அகலத்தில் வர வேண்டும் என்றால், 2 x 300 = 600 பிக்ஸல். உங்கள் பிரஷ் குறைந்தது 600 பிக்ஸல் அகலம் இருக்க வேண்டும். 100 பிக்ஸல் பிரஷ்ஷை 600க்கு இழுத்தால், இல்லாத பிக்ஸல்களை கிம்ப் ஊகித்து நிரப்பும். ஓரங்கள் மங்குவது அதனால்தான். மானிட்டரில் முழுப் பக்கத்தையும் சுருக்கிப் பார்க்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது. எனவே அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு முறை வியூ மெனுவில் ஜூமை 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்து விடுங்கள்.

பெரிய பிரஷ்ஷைச் சிறிதாக்கிப் பயன்படுத்துவதில் இவ்வளவு இழப்பு இல்லை. எனவே சந்தேகம் இருந்தால் பெரிதாகவே தயாரியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் அதிக இடம் பிடிக்குமோ என்ற கவலையும் வேண்டாம். கிம்ப் பிரஷ் பைலில் ஆரம்பத்தில் 28 பைட்டுகளில் அகலம், உயரம், ஸ்பேசிங் போன்ற விவரங்கள், அடுத்து பிரஷ்ஷின் பெயர், அதன்பின் ஒரு பிக்ஸலுக்கு ஒரு பைட். அவ்வளவுதான். 600 x 600 என்றால் 3,60,000 பைட்டுகள். சுமார் 352 கேபி.

கோலத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வருதல்

வெள்ளைப் பேப்பரில் கருப்பு ஜெல் பேனா அல்லது ஸ்கெட்ச் பேனாவால் கோலத்தை வரையுங்கள். தேவையான அளவை விடக் கொஞ்சம் பெரிதாகவே வரைவது நல்லது. கோடு போட்ட நோட்டு வேண்டாம். கோடுகளும் பிரஷ்ஷில் வந்து விடும். ஸ்கேனரில் 300 டிபிஐ, கிரேஸ்கேல் என்று அமைத்து ஸ்கேன் செய்யுங்கள். 4 அங்குலக் கோலம் 1200 பிக்ஸலாக வரும். ஸ்கேனர் இல்லையென்றால் மொபைல் கேமராவே போதும். போனைச் சாய்க்காமல், பேப்பருக்கு நேர் மேலே பிடித்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

வாசலில் போட்ட கோலத்தையே போட்டோ எடுத்தும் பிரஷ்ஷாக்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. தரை கருமை, கோலம் வெள்ளை. பிரஷ்ஷோ வெள்ளையைக் காலியிடமாக எடுத்துக் கொள்ளும். அப்படியே விட்டால், தரை முழுவதும் பெயிண்ட்டாக விழுந்து, கோலம் இருக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கும்! எனவே கிம்ப்பில் திறந்தவுடன் கலர்ஸ் மெனுவில் இன்வர்ட் என்பதைக் கிளிக் செய்து, கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் மாற்றிக் கொள்ளுங்கள்.

பிரஷ் தயாரிக்கும் முறை

1. படத்தை கிம்ப்பில் திறந்து, ரெக்டாங்கிள் செலக்ட் டூலால் கோலத்தைச் சுற்றித் தேர்வு செய்யுங்கள். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருக்கட்டும். பின் இமேஜ் மெனுவில் கிராப் டு செலக்ஷன் கொடுங்கள்.

2. இமேஜ் மெனுவில் மோட் என்பதில் கிரேஸ்கேல் தேர்வு செய்யுங்கள். வண்ணப் படமாகவே விட்டால் அது வண்ண பிரஷ்ஷாகச் சேமிக்கப்படும். நீங்கள் நினைத்த நிறத்தில் பெயிண்ட் செய்ய முடியாது.

3. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்து கொள்ளுங்கள். இன்புட் லெவல்ஸ் வரைபடத்தின் கீழே மூன்று சிறிய முக்கோணங்கள் இருக்கும். வலது கோடியில் உள்ள வெள்ளை முக்கோணத்தை, பேப்பர் முழுவதும் தூய வெள்ளையாகும் வரை இடப்பக்கம் நகர்த்துங்கள். இடது கோடியில் உள்ள கருப்பு முக்கோணத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் கோடுகள் நன்கு கருப்பாகும்.

இந்தப் படியை அவசரமாகக் கடந்து விடாதீர்கள். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் பேப்பர், ஸ்கேன் செய்யும்போது லேசான சாம்பலாகத்தான் பதிவாகிறது. அந்தச் சாம்பலும் பிரஷ்ஷுக்குப் பெயிண்ட்தான். கோலத்தைக் குத்திய ஒவ்வொரு இடத்திலும் அதைச் சுற்றி மெலிதான ஒரு சதுரம் தெரிந்தால், காரணம் இதுதான் என்று புரிந்து கொள்ளுங்கள். இதே மெனுவில் த்ரெஷோல்ட் என்ற கட்டளையும் உண்டு. அது ஒரே அடியில் எல்லாவற்றையும் கருப்பு, வெள்ளை என்று பிரித்து விடும். ஆனால் வளைவுகளின் ஓரம் படிக்கட்டு போல ஆகிவிடும். சிக்குக் கோலத்திற்கு வளைவுதானே உயிர்? எனவே லெவல்ஸ்தான் நல்லது.

4. ஆங்காங்கே தெரியும் தூசிப் புள்ளிகளை வெள்ளை நிறப் பெயிண்ட் பிரஷ்ஷால் அழித்து விடுங்கள். கோலத்தின் புள்ளிகளையும் சேர்த்து அழித்து விடாதீர்கள்!

5. இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் சென்று அகலத்தை 600 ஆக மாற்றுங்கள். பின் அதே மெனுவில் பிளாட்டன் இமேஜ் கொடுங்கள்.

6. சேமிக்கும் முன் ஒரு சோதனை. கண்ட்ரோல் + ஏ, பிறகு கண்ட்ரோல் + சி அழுத்துங்கள். இப்போது பிரஷ்கள் பட்டியலில் முதல் இடத்தில் கிளிப்போர்டு பிரஷ்ஷாக உங்கள் கோலம் வந்து நிற்கும். ஒரு புதிய வெள்ளைப் படத்தில் குத்திப் பாருங்கள். சதுரம் தெரிகிறதா, கோடு விட்டுப் போயிருக்கிறதா என்று பார்த்து, குறையிருந்தால் திரும்பச் சென்று சரி செய்யுங்கள்.

7. திருப்தியாக இருந்தால் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கிளிக் செய்யுங்கள். பைலுக்குப் பெயர் கொடுத்து, முடிவில் ஒரு புள்ளி வைத்து, ஜி.பி.ஆர். என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள். அடுத்து வரும் சிறிய விண்டோவில் ஸ்பேசிங், டிஸ்கிரிப்ஷன் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ஸ்பேசிங்கில் 100 கொடுங்கள். டிஸ்கிரிப்ஷனில் தருவதுதான் பட்டியலில் தெரியப் போகும் பெயர். இது யூனிகோடு என்பதால் "அம்மா கோலம்" என்று தமிழிலேயே வைக்கலாம்.

எங்கே சேமிப்பது? எடிட் மெனுவில் பிரிபரன்சஸ் திறந்து, போல்டர்ஸ் என்பதன் கீழ் பிரஷஸ் கிளிக் செய்தால், பிரஷ்களைத் தேடும் போல்டர்களை கிம்ப் காட்டும். அதில் விண்டோஸில் உங்கள் யூசர் பெயர் உள்ள போல்டரைத் தேர்ந்தெடுங்கள். சேமித்த பின், பிரஷஸ் டயலாக்கின் கீழே உள்ள ரெப்ரஷ் பட்டனை அழுத்தினால் புதிய பிரஷ் வந்து விடும். கிம்ப்பை மூடித் திறக்கத் தேவையில்லை. இந்த போல்டர் வழக்கமாக சி டிரைவில் இருக்கும். விண்டோஸை பார்மட் செய்தால் பிரஷ்களும் போய்விடும் என்பதால், ஒரு காப்பியைப் பென் டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பயன்படுத்தும்போது

பென்சில் டூல் வேண்டாம். அது ஓரங்களைக் கரடுமுரடாக்கும். பெயிண்ட் பிரஷ் டூலையே எடுங்கள். அழைப்பிதழின் மேல் நேரடியாகக் குத்தாமல், ஒரு புதிய லேயரை உருவாக்கி அதில் குத்துங்கள். இடம் மாற்ற வேண்டுமானால் அந்த லேயரை மட்டும் நகர்த்தினால் போதும்.

டூல் ஆப்ஷன்ஸில் சைஸ் 600 என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு பிரஷ்ஷுக்காக வைத்த அளவே தொடர்ந்து கொண்டிருக்கலாம். அங்கேயே ஆங்கிள் மூலம் கோலத்தைச் சுழற்றலாம். ஒபாசிட்டியை 20 அல்லது 25க்குக் குறைத்தால், எழுத்துக்களுக்குப் பின்னால் மெலிதான பின்னணியாகக் கோலத்தை வைக்கலாம். போர்கிரவுண்ட் கலரைக் காவி நிறமாக மாற்றினால் காவிக் கோலம், மாவு நிறமாக மாற்றினால் மாக்கோலம். பிரஷ் ஒன்றேதான்.

நேரான பார்டர் வேண்டுமா? தொடங்கும் இடத்தில் ஒரு கிளிக் செய்யுங்கள். பின் ஷிப்ட் கீயை அழுத்தியபடி முடியும் இடத்தில் கிளிக் செய்யுங்கள். இடையில் ஸ்பேசிங் கணக்குப்படி கோலங்கள் வரிசையாக விழும். ஷிப்ட்டுடன் கண்ட்ரோல் கீயையும் சேர்த்து அழுத்தினால், கோடு 15 டிகிரிப் படிகளில் மட்டுமே திரும்பும். படுக்கைக் கோடு கோணலாகாமல் இருக்க இது உதவும்.

மாவிலைத் தோரணம்: பல படங்கள், ஒரே பிரஷ்

ஒரே இலையை இருபது முறை குத்தினால் அது தோரணம் போல இருக்காது. நிஜ மாவிலைகள் ஒன்று போல் மற்றொன்று இருப்பதில்லை. இதற்காகவே கிம்ப்பில் பல லேயர்களைக் கொண்ட இன்னொரு வகை பிரஷ் உண்டு. இதன் பைல் ஜி.ஐ.எச். என்று முடியும்.

ஐந்து மாவிலைகளை ஈரமில்லாமல் துடைத்து, ஸ்கேனர் கண்ணாடி மேல் வைத்து, வெள்ளைப் பேப்பரால் மூடி, வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வோர் இலையையும் தனித்தனிப் படமாக வெட்டி, எல்லாவற்றையும் 300 x 300 பிக்ஸல் என்ற ஒரே அளவில் வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி சென்று, ஆட் ஆல்பா சேனல் கொடுங்கள். பின் பசி செலக்ட் டூலால் வெள்ளைப் பகுதியைக் கிளிக் செய்து டெலிட் கீயை அழுத்துங்கள். வெள்ளை போய், கட்டங்கள் தெரியும். அதாவது அந்த இடம் காலி. இவற்றை பி.என்.ஜி. பைல்களாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

இப்போது பைல் மெனுவில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் மூலம் ஐந்து பைல்களையும் ஒன்றாகத் திறங்கள். ஐந்தும் ஒரே படத்தின் ஐந்து லேயர்களாக வந்து நிற்கும். எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து, பெயரின் முடிவில் ஜி.ஐ.எச். என்று தாருங்கள். வரும் விண்டோவில் ஸ்பேசிங் 100, செல் சைஸ் 300 x 300, நம்பர் ஆஃப் செல்ஸ் 5, டைமென்ஷன் 1, ராங்க்ஸ் 5 என்று அமையுங்கள். பக்கத்தில் உள்ள பட்டியலில் ரேண்டம் தேர்வு செய்தால், இலைகள் மாறி மாறி எப்படி வேண்டுமானாலும் விழும். இன்க்ரிமென்டல் தேர்வு செய்தால் லேயர் வரிசைப்படி விழும். ஓர் இலை, ஒரு பூ, ஓர் இலை, ஒரு பூ என்று வர வேண்டுமானால் இரண்டே லேயர்களுடன் இன்க்ரிமென்டல் போதும். அப்போது செல் எண்ணிக்கையையும் ராங்க்ஸையும் 2 ஆக்கி விடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இது வண்ண பிரஷ். இலையின் பச்சை நிறமே பதிவாகி இருப்பதால், போர்கிரவுண்ட் கலரை மாற்றினாலும் இலையின் நிறம் மாறாது.

போட்டோஷாப்பில்

போட்டோஷாப்பிலும் அடிப்படை இதேதான். படத்தைச் சுத்தம் செய்து, கோலத்தைத் தேர்வு செய்து, எடிட் மெனுவில் டிபைன் பிரஷ் ப்ரீசெட் கொடுத்தால் பிரஷ் தயார். இங்கும் கருப்பு என்றால் பெயிண்ட், வெள்ளை என்றால் காலி. வண்ணப் படத்தைக் கொடுத்தாலும் போட்டோஷாப் அதைக் கருப்பு வெள்ளையாகவே பிரஷ்ஷில் வைக்கும். எப் 5 கீயை அழுத்தினால் வரும் பேனலில் ஸ்பேசிங்கையும், ஷேப் டைனமிக்ஸ் மூலம் அளவும் கோணமும் தானாக மாறுவதையும், ஸ்கேட்டரிங் மூலம் சிதறி விழுவதையும் அமைக்கலாம்.

போட்டோஷாப்பின் ஏ.பி.ஆர். பிரஷ்களை கிம்ப்பின் பிரஷ் போல்டரில் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் வடிவம் மட்டுமே வரும். சிதறல், சுழற்சி போன்ற அமைப்புகள் வராது. கிம்ப்பின் பிரஷ் பைல்களைக் கிருத்தா என்ற இலவச ஓவிய சாப்ட்வேரிலும் பயன்படுத்தலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

இணையத்தில் ஆயிரக்கணக்கான பிரஷ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இலவசம் என்பதாலேயே எதற்கும் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. சொந்த உபயோகத்திற்கு மட்டும் என்று நிபந்தனை இருந்தால், காசு வாங்கிக் கொண்டு செய்யும் வேலையில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. பிரஷ்ஷுடன் வரும் டெக்ஸ்ட் பைலைப் படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் வரைந்து, நீங்களே தயாரித்த பிரஷ்ஷில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, கையெழுத்து. போட்டோக்களில் பெயர் பொறிக்கப் பலர் தங்கள் கையெழுத்தையே பிரஷ்ஷாக்கி வைத்துக் கொள்கிறார்கள். வங்கியில் போடும் கையெழுத்தை ஒருபோதும் இப்படிச் செய்யாதீர்கள். அந்த பைல் வேறொருவர் கைக்குப் போனால், உங்கள் கையெழுத்து ஸ்டாம்ப்பையே கொடுத்த மாதிரிதான். போட்டோவுக்கென்று பெயரை வேறு பாணியில் எழுதி, அதைப் பிரஷ்ஷாக்குங்கள்.

அழைப்பிதழ் மங்கிய பிறகு, அம்மாவின் பழைய கோல நோட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோலத்தையும் 1200 பிக்ஸலில் பிரஷ்ஷாக்கி வைத்து விட்டேன். அடுத்து வந்த பொங்கல் வாழ்த்து அட்டையில் அதே சிக்குக் கோலம் கோடு கோடாகத் தெளிவாக அச்சாகி வந்தது. அட்டையைக் கையில் வாங்கிய அம்மா, விரலால் கோட்டைத் தொடர்ந்து சென்று புள்ளிகளை எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கக் கூடும். பேப்பர் பழுப்பாகி உடையும் முன் அதை ஸ்கேனரில் வைத்து விடுங்கள்.